டிஜிஎம்1 ஆன்டிபாடி: 90-இல் மெல்லிய பேண்ட், 80-லும் 67-லும் தடித்த பேண்ட். எதை நம்புவது?

கேள்வி

வணக்கம். மனித கெரட்டினோசைட்டுகளில் (மேல்தோல் செல்கள்) டிரான்ஸ்குளூட்டமினேஸ் 1 (டிஜிஎம்1) என்ற நொதி எவ்வளவு இருக்கிறது என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) பார்க்க வேண்டும். கையில் இருப்பது முயலில் உருவாக்கிய பாலிகுளோனல் ஆன்டிபாடி. மனிதப் புரதத்தின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த ரீகாம்பினன்ட் துண்டுதான் இம்யூனோஜென் (ஆன்டிபாடி உருவாக முயலுக்குச் செலுத்திய பொருள்) என்று தகவல் தாளில் இருக்கிறது. எந்த அமினோ அமில எண் முதல் எந்த எண் வரை என்று போடவில்லை. வெஸ்டர்னுக்கு 1:500 முதல் 1:2000 வரை, பாரஃபின் செக்ஷனுக்கு 1:50 முதல் 1:200 வரை பரிந்துரை.

செய்முறை இது. பிரைமரி கெரட்டினோசைட்டுகளை 0.06 மில்லிமோலார் கால்சியத்தில் வளர்த்து, பிறகு 1.5 மில்லிமோலாருக்கு மாற்றி 4 நாள். கூடவே ஹாகேட் செல்கள் (அழியாமல் பெருகும் கெரட்டினோசைட் வகை), வழக்கமான டிஎம்இஎம், 10% சீரம், 80% நிரம்பியபோது எடுத்தது. இரண்டையும் டிரிப்சின் போட்டுக் கழற்றி, பிபிஎஸ்-இல் கழுவி, ரிப்பா என்ற டிடர்ஜென்ட் பஃபரில் லைசிஸ் (செல்லை உடைத்தல்). புரோட்டியேஸ் தடுப்பு மாத்திரை இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) இல்லாத வகை. 30 மைக்ரோகிராம், 10% ஜெல், பிவிடிஎஃப், 5% பால், முதல் ஆன்டிபாடி 1:1000, இரவு முழுக்க 4 டிகிரியில்.

கால்சியம் கொடுத்த பிரைமரி செல்களில் 90 கிலோடால்டனில் மெல்லிய கோடு, 80 அருகில் தடித்த பேண்ட், 67-இல் அதைவிடத் தடிப்பு, ஜெல்லின் மேல்முனையில் மாதிரி ஊற்றும் கிணற்றுக்கு அடியில் ஒரு தீற்றல். ஹாகேட்டில் 90 இல்லவே இல்லை. 80 நடுத்தரம், 67 பலம். மனிதத் தோலின் பாரஃபின் செக்ஷனில் 1:50 வைத்தால் அடிவரிசை முதல் மேல்வரை எல்லாம் பழுப்பு. அடித்தோலின் ரத்தக்குழாய்ச் சுவர்களும் பழுப்பு.

எது உண்மையான பேண்ட்? ஆன்டிபாடியே சரியில்லையா, வேறு வாங்க வேண்டுமா?

பதில் 1

ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன், உடைத்த செல்லின் கரைசலான லைசேட்டைப் பாருங்கள். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு இடங்கள் கண்ணை உறுத்துகின்றன: டிரிப்சின், இடிடிஏ இல்லாத மாத்திரை.

இந்த நொதியின் வேலையே புரதங்களை ஒன்றோடொன்று பிணைப்பது. ஒரு புரதத்தின் குளூட்டமைனையும் இன்னொன்றின் லைசினையும் ஐசோபெப்டைடு பிணைப்பால் கோக்கும். அந்தப் பிணைப்பை எஸ்டிஎஸ்ஸும் உடைக்காது, டிடிடியும் உடைக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. நொதி விழித்துக்கொள்ளத் தேவை கால்சியம். உயிருள்ள செல்லின் சைட்டோசோலில் கால்சியம் மிகக் குறைவு என்பதால் அது அடங்கிக் கிடக்கிறது. நீங்கள் 1.5 மில்லிமோலார் கால்சியம் கலந்த மீடியத்தில் இருந்த செல்லை உடைக்கிறீர்கள், கால்சியத்தைப் பிடித்து வைக்க பஃபரில் ஒன்றும் இல்லை. ஐஸில் வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை நடக்கும். கிணற்றுக்கு அடியில் நிற்கும் தீற்றல் பெரும்பாலும் அதுதான். நொதியே தன் அடிமூலக்கூறுகளோடு சேர்ந்து பிணைந்துபோய் ஜெல்லுக்குள் இறங்க முடியாமல் நிற்கிறது. 90-இல் இருந்திருக்க வேண்டிய சரக்கில் ஒரு பகுதி அங்கே மேலே மாட்டியிருக்கலாம்.

அடுத்து டிரிப்சின். டிஜிஎம்1-இன் பெரும்பகுதி சவ்வில் ஒட்டியிருக்கும். என்-முனைக்கு அருகே உள்ள சிஸ்டீன் கூட்டத்தில் கொழுப்பு அமிலம் சேர்ந்து அதுதான் நங்கூரம். சவ்வுப் பகுதியை டிரிப்சினால் வெட்டினால் சுமார் 80 கிலோடால்டன் துண்டு கரைசலுக்கு வந்துவிடும் என்பது 1980-களிலேயே தெரிந்த விஷயம். நொதியைப் பிரித்தெடுக்கவே அப்படிச் செய்தார்கள். முழுச் செல்லுக்குள் டிரிப்சின் போகாது. ஆனால் கழற்றிய செல் பெல்லட்டில் மிச்சம் ஒட்டியிருந்தால், ரிப்பா ஊற்றிய நொடியில் உள்ளே இருப்பதெல்லாம் அதன் வாயில் விழும்.

ஆகவே: மீடியத்தை உறிஞ்சி எடுங்கள். கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத பிபிஎஸ்-இல் 1 மில்லிமோலார் இடிடிஏ சேர்த்து, குளிர்ச்சியாக, இரண்டு தடவை கழுவுங்கள். இரண்டாவது கழுவலைக் கடைசிச் சொட்டுவரை எடுத்துவிடுங்கள். 60 மில்லிமீட்டர் தட்டுக்கு 200 மைக்ரோலிட்டர் பஃபர் ஊற்றித் தட்டிலேயே சுரண்டுங்கள். பஃபர்: டிரிஸ் 50 மில்லிமோலார் பிஹெச் 7.5, உப்பு 150 மில்லிமோலார், டிரைட்டான் எக்ஸ்-100 1%, டீஆக்ஸிகோலேட் 0.5%, எஸ்டிஎஸ் 0.1%, இடிடிஏ 5 மில்லிமோலார், இஜிடிஏ 2 மில்லிமோலார், இடிடிஏ உள்ள தடுப்புக் கலவை, பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார் கடைசி நிமிடத்தில். டிடர்ஜென்ட் இல்லாமல் வெறும் உப்புக் கரைசலில் எடுத்தால் பெரும்பகுதி பெல்லட்டோடு போய்விடும், 90-இல் எதுவும் தெரியாது. அதையும் ஆன்டிபாடியின் குறை என்று எழுதுபவர்கள் உண்டு.

20 நிமிடம் ஐஸில், பிறகு 14,000 ஜி-யில் 15 நிமிடம், 4 டிகிரி. பெல்லட்டைத் தூக்கிப்போடாதீர்கள். 8 மோலார் யூரியா, 2% எஸ்டிஎஸ், 50 மில்லிமோலார் டிடிடி கலவையில் அதையும் கரைத்து அடுத்த லேனில் ஓட்டுங்கள். யூரியா உள்ளதைக் கொதிக்க வைக்காதீர்கள், 37 டிகிரியில் 15 நிமிடம் போதும். சூடேறினால் யூரியா லைசின்களைக் கார்பமைலேற்றம் செய்துவிடும்.

சந்தேகம் முழுதும் தீர ஒரு தட்டை மட்டும் வேறு விதமாக எடுத்துப் பாருங்கள். கழுவியதும் 95 டிகிரிக்குச் சூடாக்கிய லேம்லி பஃபரை (எஸ்டிஎஸ் உள்ள ஜெல் மாதிரி பஃபர்) நேரே தட்டில் ஊற்றுங்கள். நொதிகள் அனைத்தும் அந்தக் கணமே செத்துவிடும். டிஎன்ஏ-வால் பசைபோல் இழுக்கும், 25 கேஜ் ஊசியில் பத்துத் தடவை இழுத்து விடுங்கள். இந்த லேனில் 90 தடித்து, 80 மறைந்து, மேலே தீற்றல் குறைந்தால், உங்கள் பிரச்சினை லைசிஸில்தான் பிறந்தது.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஒரே ஒரு திருத்தம். இஜிடிஏ பிசிஏ அளவீட்டை (தாமிரத்தை வைத்து மொத்தப் புரதத்தை அளப்பது) கெடுக்கும், தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிசிஏ செய்வதாக இருந்தால் இஜிடிஏ-வை விட்டுவிடுங்கள். இடிடிஏ 5 மில்லிமோலார் மட்டும் போதும், அது தாங்கும். லேம்லியில் எடுத்ததற்கு பிசிஏ-வே வேண்டாம், ஜெல்லில் மொத்தப் புரத நிறமேற்றம் வைத்துச் சமன் செய்யுங்கள்.

இப்போது 67-க்கு வருகிறேன். அவசரப்பட்டு அதைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது. டிஜிஎம்1 817 அமினோ அமிலம், கணக்கில் 90 கிலோடால்டன். கெரட்டினோசைட் முதிரும்போது அது இயல்பாகவே வெட்டப்படுகிறது: 10, 67, 33 என்று மூன்று துண்டு. 10 சவ்வில் ஒட்டும் முனை, 67-இல் வினைமையமான சிஸ்டீன் 377, 33 என்பது சி-முனை. செல்லுக்குள் இவை பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். வெட்டப்பட்ட வடிவத்தின் வினைவேகம்தான் அதிகம். எஸ்டிஎஸ் ஜெல்லில் மட்டும் தனித்தனியாக ஓடும்.

ஆகவே ஆன்டிபாடி எந்தத் துண்டைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே லைசேட் மூன்று விதமாகத் தெரியும். என்-முனைப் பெப்டைடுக்கு எதிரானது 90-ஐயும் 10-ஐயும் காட்டும். 8% ஜெல் போட்டால் 10 வெளியே ஓடிப்போய், “முதிர்ந்த செல்லில் டிஜிஎம்1 குறைகிறது” என்று நேர் எதிரான முடிவு வரும். சி-முனைக்கு எதிரானது 90-உம் 33-உம். உங்களுடையது நடுப்பகுதி, 90-உம் 67-உம் வரவேண்டும். அதாவது 67 உண்மையாக இருக்க வழி இருக்கிறது.

ஆனால் அதே உயரத்தில் ஒரு திருடனும் இருக்கிறான்: கெரட்டின் 1. அதுவும் 67 அருகில்தான் ஓடும். முயல் சீரத்தில் கெரட்டினை ஒட்டும் ஆன்டிபாடிகள் இயல்பாகவே இருப்பது சகஜம், அஃபினிட்டி சுத்திகரிப்பு சரியாக நடக்காத பாலிகுளோனலில் அவை கூடவே வந்துவிடும். கெரட்டினோசைட் லைசேட்டில் கெரட்டின் மலைபோல் குவிந்திருப்பதால் சிறு ஒட்டுதலும் பெரிய பேண்டாகும்.

இரண்டையும் பிரித்தறியக் கரைதிறன் உதவும். கெரட்டின் இழைகள் டிரைட்டானிலும் ரிப்பாவிலும் கரையாது. டிஜிஎம்1-இன் 67 துண்டு கரையும். உங்கள் 67 பேண்டின் பெரும்பங்கு யூரியாவில் கரைத்த பெல்லட் லேனில் இருந்தால் கெரட்டின் என்று சந்தேகப்படுங்கள். மேல்திரவத்தில் இருந்து, கால்சியம் கொடுத்த நாட்களோடு சேர்ந்து ஏறினால் டிஜிஎம்1 பக்கம் சாயலாம். கால்சியம் கொடுத்தால் கெரட்டின் 1-உம் ஏறும், ஆகவே ஏறுவதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

80-க்கு டிரிப்சின் ஒரு விளக்கம். இன்னொன்று டிஜிஎம்2, 77-78 கிலோடால்டன், உடம்பெங்கும் இருப்பது. இந்தக் குடும்பத்தின் நடுப்பகுதி ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்தது. வினைமையத்தைச் சுற்றியுள்ள கிளைசின், குளூட்டமைன், சிஸ்டீன், டிரிப்டோபான், வேலின், பினைலலனைன் வரிசை எழுத்து மாறாமல் உறுப்பினர் பலரிலும் வரும். நடுத்துண்டை இம்யூனோஜெனாக வைத்தால் டிஜிஎம்2, 3, 5 எல்லாவற்றோடும் உறவாட வாய்ப்பு. உங்கள் செக்ஷனில் ரத்தக்குழாய்ச் சுவர் பழுப்பாவது இதையே சொல்கிறது. எண்டோதீலியத்தில் டிஜிஎம்2 நிறைய, டிஜிஎம்1-க்கு அங்கே வேலையில்லை. டிஜிஎம்1-க்கு மட்டுமே உரியது முதல் சுமார் 100 அமினோ அமிலம். அந்த நீட்சி டிஜிஎம்2-இல் கிடையாது.

விற்பவரிடம் இம்யூனோஜெனின் எண் வரம்பைக் கேட்டு வாங்குங்கள். வரிசையைக் கொடுக்க மறுத்தாலும் எண் வரம்பைப் பொதுவாகச் சொல்வார்கள். சொன்னதும் டிஜிஎம்2, 3, 5 வரிசைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஹாகேட்டை விட்டுவிடலாமா? ஒப்பீட்டுக்கு எந்த லைசேட்டுகளை ஓட்டுவது? பெப்டைடு தடுப்புச் சோதனை போதுமா?

பதில் 3

ஹாகேட்டை விடவேண்டாம், எடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். 80% நிரம்பிய, இன்னும் பெருகிக்கொண்டிருக்கும் ஹாகேட்டில் டிஜிஎம்1 சொற்பம். டிஎம்இஎம்-இல் 1.8 மில்லிமோலார் கால்சியம் இருந்தாலும் செல்கள் நெருக்கிப் படர்ந்த பிறகுதான் முதிர்ச்சி தொடங்கும். முழுக்க நிரம்பி 4 முதல் 7 நாள் கழித்து எடுங்கள். சீரத்தைக் கவனியுங்கள்: அதில் வைட்டமின் ஏ இருக்கிறது. ரெட்டினாய்டு டிஜிஎம்1-ஐ அழுத்தும், டிஜிஎம்2-வைத் தூண்டும். ரெட்டினோயிக் அமிலம் சேர்த்துச் செய்யும் சோதனைகளில் இது பெரிய பொறி. 90 இறங்கி 78 ஏறுவதை, குடும்பத்தையே ஒட்டும் ஆன்டிபாடி வைத்திருப்பவர் “வெட்டப்பட்டுவிட்டது” என்று படித்துவிடுவார். முடிந்தால் சீரத்தை 2%-க்கு இறக்குங்கள், அல்லது ரெட்டினாய்டு நீக்கிய சீரம்.

லேன் வரிசை இப்படி இருக்கட்டும்: குறைந்த கால்சியப் பிரைமரி செல்; கால்சியம் கொடுத்து 2 நாள்; 4 நாள்; 4 நாளின் கரையாத பெல்லட்; தோல் ஃபைப்ரோபிளாஸ்ட். கடைசியில் சொன்னது மிக முக்கியம். அதில் டிஜிஎம்2 உண்டு, டிஜிஎம்1 கிடையாது. ஃபைப்ரோபிளாஸ்டில் 78-இல் பேண்ட் வந்தால் உங்கள் ஆன்டிபாடி டிஜிஎம்2-வைப் பிடிக்கிறது, வேறு விளக்கம் தேட வேண்டாம். முதிர்ச்சி நடந்ததா என்பதற்கு இன்வோலுக்ரின் என்ற முதிர்ச்சிப் புரதத்தைப் பாருங்கள். கணக்கில் 68 கிலோடால்டன் என்றாலும் ஜெல்லில் 120 அருகே நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆக்டினை வைத்துச் சமன் செய்யாதீர்கள். முதிரும் கெரட்டினோசைட்டில் ஆக்டின் மாறும். பான்சோ அல்லது வேறு மொத்தப் புரதச் சாயம் நேர்மையானது.

பெப்டைடு தடுப்பு போதாது. ஆன்டிபாடியைவிட எடையில் 5 முதல் 10 மடங்கு இம்யூனோஜெனோடு இரவு முழுக்க வைத்தால் பேண்ட் மறையும்தான். ஆனால் டிஜிஎம்2-வோடு ஒட்டிக்கொண்டிருந்த அதே ஆன்டிபாடியும் அந்த இம்யூனோஜெனில் சிக்கி மறையும். போலியும் உண்மையும் சேர்ந்தே காணாமல் போகும். அது சொல்வது “ஒட்டுதல் ஆன்டிபாடியின் பிடிதளத்தால் நடந்தது” என்பதை மட்டும்.

நம்பத்தக்கது மரபணுவைத் தொட்டுச் செய்வது. டிஜிஎம்1-க்கு எதிரான, வெவ்வேறு இடத்தைத் தாக்கும் இரண்டு எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவின் வெளிப்பாட்டை அடக்கும் சிறு ஆர்என்ஏ), 10 முதல் 20 நானோமோலார். கால்சியம் மாற்றுவதற்கு முந்தைய நாளே செலுத்திவிடுங்கள். முதிர்ந்து அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்ட செல்களில் செலுத்துதல் சரியாக நடக்காது. கால்சியத்துக்குப் பிறகு 72 மணி நேரத்தில் எடுங்கள். இரண்டு எஸ்ஐஆர்என்ஏ-விலும் எந்தப் பேண்டுகள் சேர்ந்து இறங்குகின்றனவோ அவைதான் டிஜிஎம்1. 90-உம் 67-உம் சேர்ந்து இறங்கி 80 அசையாமல் நின்றால் கதை முடிந்தது.

இன்னொரு பக்கம், ஹெக்293 செல்லில் (மனிதச் சிறுநீரகச் செல் வகை) டிஜிஎம்1, 2, 3, 5 நான்கையும் தனித்தனியாக மிகையாக வெளிப்படுத்தி நான்கு லேனில் ஓட்டுங்கள். லேனுக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் போதும். 30 ஏற்றினால் எந்த ஆன்டிபாடியும் எல்லாவற்றிலும் ஒட்டித்தான் காட்டும். டிஜிஎம்3 77-இல் முழுதாக ஓடும், வெட்டப்பட்டால் 47-உம் 30-உம். டிஜிஎம்5 81. ஆகவே தோல் லைசேட்டில் 77 முதல் 81 வரை மூன்று பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். 10% ஜெல்லில் அவர்களைப் பிரிக்க முடியாது. 8% போட்டு, 75 கிலோடால்டன் மார்க்கர் ஜெல்லின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு வரும்வரை ஓட்டுங்கள். 33 துண்டைப் பார்க்க வேண்டியிருந்தால் அது வேறு ஜெல்.

பதில் 4

செக்ஷன் பற்றி மட்டும்.

இயல்பான தோலில் டிஜிஎம்1 எங்கே இருக்க வேண்டும் என்பது தெளிவு: முள் அடுக்கின் மேல்வரிசைகளிலும் குருணை அடுக்கிலும், செல்லின் ஓரத்தைச் சுற்றி, தேன்கூடு வரைந்தது போல. அடிவரிசை வெறுமையாக இருக்க வேண்டும். டிஜிஎம்3 என்றால் குருணை அடுக்கிலும் அதற்கு மேலும், சைட்டோபிளாசத்தில் பரவலாக. முடிநுண்பையின் உள்வேர் உறையிலும் பலமாக. சொரியாசிஸ் தோலில் டிஜிஎம்1 முள் அடுக்கின் கீழ்ப்பகுதிவரை இறங்கும், அதை முறை தவறியது என்று எண்ண வேண்டாம். மற்றபடி இயல்பான தோலில் அடிமுதல் முடிவரை ஒரே பழுப்பு என்றால் அது அடர்த்தி அதிகம், அல்லது பொது ஒட்டுதல்.

1:50-இல் நிற்காதீர்கள். 1:50, 1:100 என்று இரட்டித்துக்கொண்டே 1:1600 வரை ஒரே நாளில் ஒரே திசுவில் போடுங்கள். குருணை அடுக்கு பளிச்சென்றும் அடிவரிசை வெறுமையாகவும் இருக்கும் இடமே உங்கள் அடர்த்தி. நீர்க்க நீர்க்க எல்லா அடுக்கும் சமமாகவே வெளிறினால் அந்த ஆன்டிபாடியைப் பாரஃபினில் பயன்படுத்தாதீர்கள். ஒப்பீட்டுக்கு முயல் ஐஜிஜி வைக்கும்போது “1:50” என்று வைப்பது தவறு. மில்லிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதைச் சமமாக்குங்கள்.

அடிவரிசையின் பழுப்பு மெலனினாகவும் இருக்கலாம். முதல் ஆன்டிபாடியும் இரண்டாவதும் இல்லாமல், பழுப்பு நிறம் தரும் டிஏபி கூடப் போடாமல், வெறும் ஹீமடாக்சிலின் போட்ட ஒரு கண்ணாடியைப் பக்கத்தில் வையுங்கள். நிறமுள்ள தோல் என்றால் டிஏபி-யை விட்டுவிட்டு சிவப்பு நிறமிக்கு மாறுங்கள். ஃபுளோரசன்ஸ் செய்தால் பச்சையில் ஒளிரும் 488 சாயத்தைத் தவிருங்கள். எலாஸ்டின், கொலாஜன், மேலே உள்ள இறந்த செல் அடுக்கு மூன்றும் பச்சையில் தானாகவே ஒளிரும். சிவப்புப் பக்கச் சாயங்களான 594 அல்லது 647 நிம்மதி.

ஆன்டிஜென் மீட்டெடுப்பு (ஃபார்மலின் மறைத்த பிடிதளத்தைச் சூட்டில் திறப்பது): சிட்ரேட் 10 மில்லிமோலார் பிஹெச் 6.0, 95 முதல் 98 டிகிரி, 20 நிமிடம், பிறகு அதே பஃபரில் 20 நிமிடம் ஆறவிடல். சிக்னல் மெலிந்தால் டிரிஸ்-இடிடிஏ பிஹெச் 9.0. அடித்தோலின் கொலாஜன் சூட்டில் சுருங்கித் தோல் செக்ஷன்கள் கழன்று மிதக்கும். மின்னேற்றம் பெற்ற கண்ணாடி, 4 மைக்ரான் தடிமன், 60 டிகிரியில் ஒரு மணி நேரம் காயவிடல், இந்த மூன்றும் செய்தால் ஒட்டி நிற்கும். கொதிக்கும் பஃபரில் குமிழி பொங்க விடாதீர்கள்.

மேலேயுள்ள இறந்த அடுக்கில் மட்டும் தெரியும் பலத்த நிறத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த இடம் எந்த ஆன்டிபாடியையும் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், செக்ஷனின் விளிம்புகளும் அப்படித்தான்.

ஒற்றைக் குளோன் ஆன்டிபாடி வேண்டுமென்றால், டிஜிஎம்1-க்கு நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது எலியில் உருவான பி.சி1. உறைந்த செக்ஷனில், மைனஸ் 20 டிகிரி அசிட்டோனில் 10 நிமிடம் நிலைநிறுத்தி வைத்துப் பாருங்கள். எலித் தோலுக்கு எலி ஆன்டிபாடி போட்டால் திசுவிலுள்ள ஐஜிஜி-யெல்லாம் ஒளிரும். அங்கே முயல் ஆன்டிபாடிதான் தோது. டிஜிஎம்1 இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிடும் என்பது 1998-லேயே வெளியானது. அப்படிப்பட்ட குட்டியின் தோல் ஒரு துண்டு கிடைத்தால் எலி வேலைக்கு அதைவிட நல்ல எதிர்க்கட்டுப்பாடு இல்லை.

வாங்கும்போது இன்னொன்று. “ஆன்டி டிரான்ஸ்குளூட்டமினேஸ்” என்று தேடினால் வந்து குவிவதில் பாதி சீலியாக் நோய்க்கானவை. அவை நோயாளியின் ரத்தத்தில் டிஜிஎம்2-க்கு எதிராக இருக்கும் ஆன்டிபாடியை அளப்பவை, நொதியை அல்ல.

கேள்வி கேட்டவர்

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. லாமெல்லார் இக்தியோசிஸ் (தோல் செதிள் செதிளாகும் மரபு நோய்) சந்தேகமுள்ள தோல் மாதிரிகளும் இதே வரிசையில் வரவிருக்கின்றன. செக்ஷனில் டிஜிஎம்1 தெரிந்தால் அந்த மரபணு சரியாக இருக்கிறது என்று எழுதலாமா?

பதில் 5

எழுதக் கூடாது. டிஜிஎம்1 மரபணுப் பிறழ்வால் லாமெல்லார் இக்தியோசிஸ் வருகிறது என்பது 1995-இல் நிறுவப்பட்டது. அந்தப் பிறழ்வுகளில் பல ஒரே ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றுபவை. புரதம் உருவாகும், ஆன்டிபாடி ஒட்டும், செயல் மட்டும் இருக்காது. ஆன்டிபாடி காட்டுவது இருப்பை. உங்களுக்கு வேண்டியது செயல்.

செயலைப் பார்க்க நிலைநிறுத்தாத உறைந்த செக்ஷன் வேண்டும், 5 அல்லது 6 மைக்ரான். ஃபார்மலினில் போட்டது இதற்கு உதவாது, நொதி அங்கேயே செத்திருக்கும். 1% பிஎஸ்ஏ-வில் 30 நிமிடம் தடுப்பு. பிறகு டிரிஸ் 100 மில்லிமோலார் பிஹெச் 7.4, கால்சியம் குளோரைடு 5 மில்லிமோலார், டிடிடி 1 மில்லிமோலார், பயோட்டின்-கடாவெரின் (நொதி புரதங்களில் கோக்கும் அடையாள மூலக்கூறு) 50 முதல் 100 மைக்ரோமோலார், ஒன்று முதல் இரண்டு மணி நேரம். 20 மில்லிமோலார் இடிடிஏ-வில் நிறுத்திக் கழுவி, ஃபுளோரசன்ஸ் பூட்டிய ஸ்டிரெப்டாவிடின். பக்கத்துச் செக்ஷனில் கால்சியத்துக்குப் பதில் இடிடிஏ போட்டது கட்டாயம் வேண்டும், அது இருண்டிருக்க வேண்டும். அந்த இடிடிஏ கண்ணாடி இல்லாத படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கடாவெரின் இந்தக் குடும்பத்தின் எல்லா நொதிக்கும் இரை. டிஜிஎம்1 இல்லாவிட்டாலும் டிஜிஎம்3 கோத்துக் கொடுத்து மேல் அடுக்குகள் ஒளிரலாம். ஆகவே எங்கே ஒளிர்கிறது என்பதைக் கவனியுங்கள், ஓரத்தைச் சுற்றியா, சைட்டோபிளாசத்திலா என்று. அதைவிட நேரான வழி நகோயா பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த பெப்டைடுகள்: டிஜிஎம்1-க்கு கே5, டிஜிஎம்3-க்கு இ51, டிஜிஎம்2-க்கு டி26. ஒவ்வொன்றும் தன் நொதியையே விரும்பும் குளூட்டமைன் இரை. குளூட்டமைனை அஸ்பராஜினாக மாற்றிய அதே பெப்டைடையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், அதுதான் இந்தச் சோதனைக்கு எதிர்க்கட்டுப்பாடு.

வெப்பநிலையையும் விட்டுவிடாதீர்கள். சில டிஜிஎம்1 பிறழ்வுகள் வெப்பத்துக்கு இளகுபவை. பாதிப்பு உடலின் வெதுவெதுப்பான நடுப்பகுதியில் மட்டும் வந்து கைகால் தப்பித்துக்கொள்ளும் குளியலுடை இக்தியோசிஸ் அப்படிப்பட்டது. அறை வெப்பநிலையில் சோதித்தால் அந்த நொதி வேலை செய்துகாட்டி, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு செக்ஷனை எடுத்து ஒன்றை 31 டிகிரியிலும் மற்றதை 37 டிகிரியிலும் வையுங்கள். இயல்பான தோலையும் அதே இரண்டு வெப்பநிலையில் பக்கத்தில் வையுங்கள். எந்த இடத்திலிருந்து மாதிரி எடுத்தார்கள் என்பதையும் குறித்து வாங்குங்கள், முதுகா, முன்கையா என்று.

இத்தனைக்கும் மாதிரி வரும் விதம் முக்கியம். எடுத்தவுடன் இரண்டாக வெட்டி, ஒரு பாதி ஓசிடி-யில் (உறையவைக்கும் ஊடகப் பசை) வைத்து உடனே உறையவைத்து மைனஸ் 80-க்கு, மறு பாதி ஃபார்மலினுக்கு என்று எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முழுவதும் ஃபார்மலினில் வந்து சேர்ந்தால் ஆன்டிபாடிச் சோதனை ஒன்றுதான் மிஞ்சும்.